மாட்டுப் பட்டியில் ஒரு கழுதை

(பாரிட் புந்தார் வட்டாரத் தோட்டங்களில் மாடு வளர்ப்போர் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சென்ற முறை நாம் இவ்விடத்திற்கு வந்து, கூட்டம் முடிந்து வண்டியில் ஏறும் தறுவாயில், அன்பர் ஒருவர் நம்மை வழிமறித்து ஒரு வினாவை எழுப்பினார். அவர் பதினான்கு மாடுகள் வைத்திருப்பவர். தந்தையார் பால்மரம் வெட்டிய அதே நிலத்தில், இன்று செம்பனைகளுக்கு இடையே மாடு மேய்ப்பவர். கடந்த ஈராண்டுகளில் அவருடைய கன்றுகளுள் மூன்றைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றுவிட்டன. மூன்றாவது, கிடாரிக் கன்று. நல்ல பால்வழியில் வந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அவருடைய மகன் கைத்தொலைபேசியில் ஒரு படக்காட்சியைக் கண்டிருக்கிறான். ஏதோ ஓர் அயல்நாட்டில் மாடுகளோடு மேய்ந்துகொண்டிருந்த கழுதையொன்று, வேலிக்குள் புகுந்த நாயைத் துரத்தித் துரத்தி உதைக்கிறது. "ஐயா, ஒரு கழுதையை வாங்கி மாட்டோடு விட்டால் கன்று பிழைக்குமா?" இதுவே அவருடைய வினா.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கழுதை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வகுப்பறையில் வசவாகவே அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா! ஆனால் கேட்டவர் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை, விடையும் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சியின்போது நமக்குக் கற்பித்த பெரியவர் ஒருவர், "தெரியாததைத் தெரிந்ததுபோல் மாணவனிடம் கூறாதே, அடுத்த பாடவேளையில் சொல்கிறேன் என்று கூறிவிட்டு, படித்துக்கொண்டு வா" என்பார். இன்று அந்த அடுத்த பாடவேளை.

முதலில் நம் கண்ணெதிரே உள்ளதைப் பார்ப்போம். இந்தக் கிரியான் சமவெளி, 1906-ஆம் ஆண்டில் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு நிறைவு பெற்ற நீர்ப்பாசனத் திட்டத்தால் நெல்வயலாகச் செழித்த நிலம். அதற்கு முன் இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நம் முன்னோர் பலர் அக்கரும்புக் காட்டில்தான் முதன்முதலாகக் கால் வைத்தனர். அவர்களோடு மாடும் வந்தது. இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழித்தோன்றல்களை இந்நாட்டுக் கால்நடை அறிஞர்கள் 'உள்ளூர் இந்தியப் பால்மாடு' என்றே தனி இனமாகக் குறிப்பிடுகின்றனர். ஆனால் கழுதை வரவில்லை. வண்டி இழுக்க மாடு இருந்தது. அழுக்கு மூட்டையைக் கழுதை முதுகில் ஏற்றும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. ஆகவே மாட்டின் குணத்தை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கழுதையின் குணமோ நம்மில் பெரும்பாலோருக்குப் பழமொழியில் மட்டுமே தெரியும்.

வெவ்வேறு சாதி உயிர்கள் ஒரே புல்வெளியைப் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதன்று. அறுவடை முடிந்த வயலில் எருமையின் காலடியை ஒட்டி வெள்ளைக் கொக்குகள் நடப்பதை நாள்தோறும் காண்கிறோம். உண்ணிக்கொக்கு என்று அதற்குப் பெயர். மாட்டின் மேலுள்ள உண்ணியைப் பொறுக்கித் தின்று நன்றி செலுத்துகிறது என்று பள்ளிக்கூடத்தில் நாமே கற்பித்திருக்கிறோம். உண்மை அவ்வளவு அழகானதன்று. அது பெரும்பாலும் தின்பது வெட்டுக்கிளியையும் பூச்சிகளையும்தான். மாடு நடக்கும்போது புல்லிலிருந்து எழும்பிப் பறக்கும் பூச்சியை அது எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. மாட்டுக்கு அதனால் வரும் நன்மை சொற்பம். கொக்கு வந்ததையும் போனதையும் மாடு பொருட்படுத்துவதே இல்லை. நாம் நட்பென்று கண்டது ஒருவருக்கு இரையும் மற்றவருக்கு அலட்சியமும் என்பதாகவே இருக்கிறது. இந்தக் கொக்கை மனத்தில் இருத்திக்கொண்டு கழுதைக்கு வருவோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், உறவினரைக் காண நாம் தமிழகம் சென்றிருந்தபோது, திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சில நாள் தங்கினோம். ஊர் ஏரியில் நீர் வற்றி, உட்பரப்பெல்லாம் புல் முளைத்திருந்தது. அங்கே மாடுகளும் வெள்ளாடுகளும் சலவைத் தொழிலாளி ஒருவரின் கழுதைகள் இரண்டும் மேய்ந்துகொண்டிருந்தன. ஒருநாள் பிற்பகல் மாடுகளெல்லாம் வேலமரத்து நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அப்போது இளங்கழுதை ஒன்று மெல்ல நடந்து வந்து, படுத்திருந்த கிடாரியின் திமிலுக்குப் பின்னால் பல்லை வைத்து, கறகறவென்று சொறிவதுபோல் கடித்தது. கிடாரி தலையை ஆட்டியது. கழுதை விடவில்லை. கிடாரி எழுந்து கொம்பைத் தாழ்த்தியது. கழுதை விலகிப்போய், சற்று நேரத்தில் திரும்பி வந்து, இம்முறை கழுத்தைக் கவ்விக்கொண்டு தொங்கியது! நாம் பதறிப்போய்க் கம்பைத் தேடினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி, "அடிக்காதீங்க தம்பி, அது கூடப்பொறந்ததுன்னு நெனச்சு வெளையாடுது. இது மாடு, அதுக்குப் புரியல" என்றார்.

அம்மூதாட்டி கூறியதற்கு மேல் பெரிதாக ஒன்றையும் நாம் பின்னர் படித்த நூல்கள் கூறவில்லை. அதற்கான காரணங்களைத்தான் அவை விளக்கின.

கழுதையின் தாயகம் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலம். ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்காப்பிரிக்காவில் அது வீட்டு விலங்காயிற்று என்று 2022-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. பாலையில் புல் திட்டுத் திட்டாகத்தான் முளைக்கும். ஆகவே பெருங்கூட்டமாய் வாழ்வது இயலாது. ஒன்றிரண்டாய்ப் பிரிந்து மேயும். ஆண் கழுதை தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதைக் காக்கும். நெடுந்தொலைவில் உள்ள இனத்தோடு பேச வேண்டியிருப்பதால் அதன் குரல் அவ்வளவு பெரிது. அதன் கத்தலைக் கேலி செய்கிறோமே, அது பாலைவனத்துத் தபால்! மாடோ கூட்டத்தோடு பிறந்து கூட்டத்தோடு வாழ்வது. ஒன்று எழுந்தால் எல்லாம் எழும். ஒன்று படுத்தால் எல்லாம் படுக்கும்.

மேயும் முறையும் வேறு. மாட்டுக்கு மேல்வரிசை முன்பற்கள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாக்கால் சுற்றி வளைத்துப் புல்லை அறுக்கும். ஆகவே சற்று உயரமாகவே விட்டுவைக்கும். கழுதைக்கு இருவரிசை முன்பற்களும் உண்டு. தரையோடு தரையாக நறுக்கிவிடும். மாடு ஒதுக்கும் முரட்டுப் புல்லையும் முட்செடியையும் மரப்பட்டையையும் அது விருப்பத்தோடு தின்னும். தான் சாணமிட்ட இடத்துப் புல்லை மாடு பல வாரங்களுக்குத் தொடாது. குதிரை இனத்துக்கும் தன் சாணத்தின்மேல் அதே அருவருப்பு உண்டு. ஆனால் ஒன்றின் சாணத்தருகே வளர்ந்த புல்லை மற்றொன்று தின்னத் தயங்காது. பெரும்பாலான குடற்புழுக்கள் ஒன்றின் வயிற்றில் வாழ்வன மற்றொன்றின் வயிற்றில் வாழமாட்டா. எனவே இரண்டையும் சேர்த்து மேய்ப்பதால் புல்வெளி சமமாகத் தேய்வதோடு புழுத்தொல்லையும் குறைகிறது. ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு போன்ற சில மட்டும் இரண்டுக்கும் பொது. இவ்வளவும் சேர்ந்து மேய்வதன் ஆதாயம்.

இனி விசித்திரத்திற்கு வருவோம். மாடு வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் அசைபோடுகிறது. கழுதைக்கு அசைபோடும் வயிறு இல்லை. ஆகவே அது நாளில் பெரும்பகுதி நடந்துகொண்டும் கொறித்துக்கொண்டும் இருக்கப் படைக்கப்பட்டது. மாடுகள் படுத்துக் கண்மூடிய வேளையில் தனிக் கழுதைக்கு வேலையும் இல்லை, துணையும் இல்லை. கழுதைகள் தம்முள் நட்புக் கொள்வது எவ்வாறென்றால், எதிரெதிராக நின்று, ஒன்றன் முதுகை மற்றொன்று முன்பல்லால் சொறிந்துவிடும். ஒன்று தொடங்கினால் மற்றது பதில் செய்ய வேண்டும். அது அவற்றின் மரியாதை. மாட்டின் மரியாதையோ நாக்கால் நக்குவது. கழுதை பல்லை வைத்து "சௌக்கியமா?" என்று கேட்கிறது, மாட்டுக்கு அது கடியாகத் தெரிகிறது. நாம் ஏரியில் கண்ட காட்சியின் முதற்பாதி இதுவே.

இரண்டாம் பாதி விளையாட்டு. இளம் ஆண் கழுதைகள் தம்முள் விளையாடும்போது கழுத்தைக் கவ்வும், பிடரியைப் பற்றித் தொங்கும், முழங்காலைக் கடித்து மண்டியிட வைக்கும். கழுதைத் தோலுக்கு அது தாங்கும். அதே விளையாட்டைப் பத்து நாள் கன்றிடம் ஆடினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். காயடிக்கப்படாத ஆண் கழுதை மாட்டின்மேல் ஏற முயல்வதும் உண்டு. இவ்விரண்டு இனங்களுக்கும் கலப்பு உண்டாகாது என்பது அதற்குத் தெரியாது. இதைக் கண்டு சிலர் சிரிக்கின்றனர். சிலர் கெட்ட சகுனம் என்கின்றனர். இரண்டுக்கும் இடமில்லை. தன் இனத்துணை இல்லாத விலங்கு, பக்கத்தில் உள்ளதைத் தன் இனமாகப் பாவிக்கிறது, அவ்வளவே.

சண்டையிலும் இதே குழப்பம் உண்டு. மாடு சினந்தால் முகத்தைக் காட்டும். தலையைத் தாழ்த்திக் கொம்பை நீட்டும். கழுதை சினந்தால் காதை மடித்துக்கொண்டு பின்புறத்தைக் காட்டும். மாட்டின் கணக்கில் முதுகைக் காட்டிய விலங்கு தோற்றுப்போன விலங்கு. ஆகவே அது மேலும் நெருங்குகிறது, உதை வாங்குகிறது. நாய்க்கும் இதே கதிதான் என்று உங்களில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. சரியாகச் சொன்னீர்கள், அதற்குத்தான் வருகிறோம்.

கழுதைக்கு நாய்ச்சாதியின்மேல் இயற்கையாகவே வெறுப்பு உண்டு. குதிரை மிரண்டால் ஓடும். கழுதை மிரண்டால் நின்று பார்க்கும், பின்னர் எதிர்க்கும். இதனை நாம் பிடிவாதம் என்கிறோம். ஆப்பிரிக்காவின் நமிபியா நாட்டில் சிவிங்கிப்புலிகளிடமிருந்து கன்றுகளைக் காக்க, கன்று ஈனும் பசுக்கூட்டத்தோடு கழுதையை விடும் வழக்கம் உண்டு. 1990-இல் அங்கே தோன்றிய சீட்டா பாதுகாப்பு நிதியம், விலங்கைச் சுட்டுக் கொல்வதற்கு மாற்றாக இத்தகைய முறைகளைப் பண்ணையாளர்களுக்கு எடுத்துரைத்து வருகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆட்டு மந்தையோடு கழுதை விடுவோர் பலர். ஆகவே அன்பரின் மகன் கண்ட படக்காட்சி பொய்யன்று. ஆனால் படக்காட்சியில் காட்டாதவை சில உண்டு. அங்கே விடப்படுவது பெட்டைக் கழுதை அல்லது காயடித்த கழுதை. பெட்டைக் கழுதை தன் குட்டியோடு இருந்தால் அது மிகச் சிறந்த காவல் என்பர். இளமையிலிருந்தே மாடுகளோடு பழக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். அப்படியிருந்தும் எல்லாக் கழுதையும் காவல் காப்பதில்லை. சில, நாயைப் பார்த்துவிட்டுப் புல்லைத் தொடர்ந்து தின்னும். நாய் ஒன்று இரண்டாக வந்தால் துரத்தும் கழுதையும், பெருங்கூட்டமாக வந்தால் தானே கடிபடும்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அன்பர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். பசு கன்று ஈன்றதும், முதற்சில நாள்களுக்குக் கன்றைப் புதரிலோ உயர்ந்த புல்லிலோ படுக்க வைத்துவிட்டுத் தான் மேயப் போகும். அது மாட்டுச் சாதியின் தொன்றுதொட்ட வழக்கம். கழுதைக் குட்டியோ பிறந்த சில மணி நேரத்திற்குள் எழுந்து தாயின் பின்னாலேயே நடக்கும். அதை மறைத்து வைக்கும் வழக்கம் கழுதைக்கு இல்லை. ஆகவே தாயின்றிப் புல்லுக்குள் அசையாமல் கிடக்கும் சிறு உருவத்தைக் கன்று என்று கழுதை அறியாது. நாய் வந்து பதுங்கியிருக்கிறது என்று எண்ணிக் காலால் மிதித்ததும், கழுத்தைக் கவ்வி உதறியதும் உண்டு. எந்தக் கன்றைக் காக்க அதைக் கொண்டுவந்தோமோ அந்தக் கன்றையே அது அழிக்கக்கூடும். பட்டியில் கன்று கழுத்தறுபட்டுக் கிடந்தால், அண்டை வீட்டாரின் நாயின்மேல் பழி விழும். பிறகு மனிதருக்கும் மனிதருக்கும் சண்டை.

இதற்கு எதிர்மாறான காட்சியும் உண்டு. தனியே விடப்பட்ட கழுதை சில வேளைகளில் ஒரே ஒரு பசுவை மட்டும் தேர்ந்துகொண்டு, அது போகுமிடமெல்லாம் போகும். அது படுத்தால் பக்கத்தில் நிற்கும். பார்க்க மனம் உருகும். பிறகு ஒருநாள் அந்தப் பசுவை விற்றுவிடுவோம். கழுதை தீனி எடுக்காது. துணையை இழந்த கழுதை உணவை நிறுத்துவதும், அதனால் உடற்கொழுப்பு இரத்தத்தில் கரைந்து ஈரல் கெட்டு இறப்பதும் கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து. பசுவுக்கோ அந்தப் பிரிவு பெரிதாகத் தோன்றாது. அதற்குப் புதிய பட்டியில் வேறு மாடுகள் உண்டு.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஜோர்னாடா என்னும் அரசாங்க ஆராய்ச்சிப் புல்வெளியில் 1980-ஆம் ஆண்டுகளில் செய்த சோதனை இதற்கு ஒளி தருகிறது. பால்குடி மறந்த செம்மறிக் குட்டிகளைக் கிடாரிகளோடு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஒரே கொட்டிலில் அடைத்து வைத்தனர். பின்னர் திறந்தவெளியில் விட்டபோது, அந்த ஆடுகள் மாடுகளை விட்டுப் பிரியவில்லை. கொயோட்டி என்னும் ஓநாய்ச்சாதி விலங்கு வந்தால் மாடுகளுக்கிடையே ஓடி ஒளிந்துகொண்டன. அவ்வாறு பழக்கப்படாத ஆடுகள் இரையாயின. ஆனால் மாடுகள் ஆடுகளைத் தேடிப் போகவே இல்லை. நம் உண்ணிக்கொக்கின் கதைதான்! பிரியம் ஒரு பக்கத்தில். பயன் அதே பக்கத்தில். மாடு பாட்டுக்கு மாடு.

கதைக்காரர்களும் இதை வேறுவகையில் கண்டிருக்கின்றனர். ஆயிரத்தொரு இரவுகள் என்னும் அரபுக் கதைத்தொகுப்பில் ஏரில் வருந்தும் மாட்டுக்குக் கழுதை, "நோய் வந்ததுபோல் படுத்துக்கொள்" என்று யோசனை சொல்லுகிறது. விலங்கின் மொழி அறிந்த எசமான் அதைக் கேட்டுவிட்டு, மறுநாள் கழுதையையே ஏரில் பூட்டச் செய்கிறான். நம்மிடம் அந்த எசமானின் காது இல்லை. கண்தான் உண்டு.

கழுதைகள் இன்றும் கூட்டமாகத் திரியும் தமிழ் ஊர் ஒன்றை அறிய விரும்புவோர் இலங்கையின் மன்னாரை நோக்க வேண்டும். அரபு வணிகர் கொண்டுவந்தவை என்று அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். அங்குள்ள பெருக்க மரங்களையும் அவ்வாறே கூறுவர். ஒரு காலத்தில் சுமை தூக்கிய கழுதைகள், மோட்டார் வண்டி வந்தபின் உடையவரின்றித் தெருவில் விடப்பட்டன. இன்று அங்கே மாடும் ஆடும் கழுதையும் ஒரே தெருவில் நடக்கின்றன. ஒரே நிழலில் ஒதுங்குகின்றன. வண்டியில் அடிபட்ட கழுதைகளுக்குச் சிகிச்சை தரவும், பிள்ளைகளுக்கு அவற்றைப் பற்றிக் கற்பிக்கவும் பிரிட்ஜிங் லங்கா என்னும் தொண்டு நிறுவனம் அங்கே ஒரு கழுதை மருத்துவ நிலையத்தைத் தோற்றுவித்தது. மன்னாரின் கழுதைக்குச் சொறிந்துவிடக் கழுதை இருக்கிறது. மாட்டிடம் போய் நிற்க வேண்டிய தேவையில்லை. இந்தியாவிலோ நிலைமை வேறு. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 3 இலட்சத்து 20 ஆயிரம் அளவில் இருந்த கழுதைகள், 2019-இல் 1 இலட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. நாம் ஏரியில் கண்ட அந்த இரண்டும் எந்தக் கணக்கில் சேர்ந்தனவோ!

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். பாரிட் புந்தாரின் மண் எத்தகையது? களிமண், வாய்க்கால், பருவமழை வந்தால் கணுக்கால் சேறு. 'கழுதை கெட்டால் குட்டிச்சுவர்' என்னும் பழமொழியை நாம் ஏளனமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அதைச் சொன்ன முதல் மனிதர் கழுதையை நன்கு கவனித்தவராக இருத்தல் வேண்டும். கழுதையின் உரோமம் மழையைத் தாங்காது. நீர் தோல்வரை இறங்கிவிடும். ஆகவே அது ஒரு சுவரையாவது ஒட்டி நிற்க விரும்பும். அதன் குளம்பும் வறண்ட கல்நிலத்திற்கு அமைந்தது. எந்நேரமும் ஈரத்தில் நின்றால் அழுகும். செழித்த பச்சைப் புல்லும் அதற்கு நன்மையன்று. பாலைவன வயிற்றுக்கு அது விருந்தாகி, உடல் பருத்து, குளம்பில் அழற்சி உண்டாகி நடக்க முடியாமல் போகும்.

தீவனத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நாம் மாட்டுக்கு இடும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கை ஓயாது தின்ற செம்மறியாடுகள், அதிலுள்ள செம்புச் சத்து ஈரலில் தங்கி இறந்ததை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மாட்டுக்கு உணவு; ஆட்டுக்கு நஞ்சு. அதுபோலவே, சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் கலக்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து மாட்டின் வளர்ச்சிக்கு உதவும். குதிரைக்கும் கழுதைக்கும் சிறிதளவே போதும், இதயத்தைத் தாக்கி உயிரைப் பறிக்கும். ஒரே தொட்டியில் வாய் வைக்கும் பட்டியில் இதனை யார் காவல் காப்பது? மேலும், இரத்தம் உறிஞ்சும் பெரிய மாட்டு ஈக்களால் பரவும் சர்ரா நோய் இந்நாட்டில் உண்டு. மாட்டின் உடலில் அது பல வேளைகளில் வெளியே தெரியாமல் கிடக்கும், குதிரைக்கோ உயிருக்கே உலை வைக்கும், கழுதையையும் பீடிக்கும்.

ஆகவே அன்பரே, உங்கள் வினாவுக்கு நம் விடை: ஒற்றைக் கழுதையை வாங்கி, உங்கள் பதினான்கு மாடுகளோடு இந்த ஈர நிலத்தில் விடாதீர்கள். கன்றுக்கும் ஆபத்து, கழுதைக்கும் கொடுமை. மேட்டுப்பாங்கான, வடிகால் உள்ள, கூரை போட்ட இடம் உடைய பண்ணையாளர் எவரேனும் முயல விரும்பினால், இரண்டு பெட்டைக் கழுதைகளாக, கால்நடைச் சேவைத் துறையின் அனுமதியும் நோய்ச் சோதனையும் பெற்று வாங்கட்டும். முதல் சில வாரங்களுக்கு வேலிக்கு அப்பால் நிறுத்தி மாடுகள் அவற்றைப் பார்த்துப் பழக விடட்டும். கன்று ஈனும் காலத்தில் பிரித்து வைக்கட்டும். இவ்வளவு செய்யக் கூடியவர், அதில் பாதிச் செலவில் நாய் நுழையாத வேலியே போட்டுவிடலாம் என்பது நம் கருத்து.

நாய்க்கு வேறு வழி என்ன? உங்கள் மூன்று கன்றுகளும் எந்த நேரத்தில் இறந்தன என்று கேட்டோம். இரண்டு விடியற்காலையில், ஒன்று மாலை மங்கும்போது. மூன்றும் பிறந்து பத்து நாளுக்கு உட்பட்டவை. மூன்றையும் தாய் செம்பனை ஓலைக் குவியலுக்குள் மறைத்து வைத்துவிட்டு மேயப் போயிருந்தது. ஆகவே காவல் தேவைப்படுவது பட்டி முழுவதற்கும் அன்று. ஒவ்வொரு கன்றுக்கும் அதன் முதற்சில வாரங்களுக்கு. சினைப்பசுவை ஈனுவதற்கு ஒரு வாரம் முன்னரே வீட்டருகே கொண்டுவந்துவிடுங்கள். நம் பாட்டன்மார் கன்றை இரவில் வீட்டுப் பக்கத்தில் கட்டியது காலையில் பால் கறப்பதற்காக மட்டுமன்று. நெருக்கமாக அடித்த பலகையோ கம்பி வலையோ போட்டு, இடுப்பளவுக்கு மேல் உயர்ந்த ஒரு சிறு கன்றுக்கூடு போதும். கீழே நாய் தோண்டி நுழையாதபடி வலையை ஒரு சாண் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். நஞ்சுக்கொடியைப் பட்டியில் போட்டுவைக்காமல் ஆழப் புதையுங்கள். அந்த மணத்துக்குத்தான் நாய் முதலில் வருகிறது. செத்த கோழியையும் மீன் கழிவையும் லயத்துப் பின்புறம் கொட்டாதிருந்தால் நாய்க்கூட்டம் அங்கே தங்காது. இதை நீங்கள் தனியே செய்ய இயலாது; எல்லா வீட்டாரும் செய்ய வேண்டும். தெருநாய்களைப் பற்றி மாவட்ட மன்றத்திற்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதித் தர நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

அன்பரின் மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, நீ கண்ட படக்காட்சியால்தான் நாம் இவ்வளவு படிக்க நேர்ந்தது. அதற்காக உனக்கு நன்றி. இன்று உனக்கு ஒரு வேலை தருகிறோம். ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கிக்கொள். அடுத்த பசு ஈன்றதிலிருந்து பத்து நாள் காலையும் மாலையும் பட்டியருகே உட்கார்ந்து, தாய் கன்றை எங்கே மறைக்கிறது, எவ்வளவு நேரம் விட்டுப் போகிறது, நாய் எந்தத் திசையிலிருந்து வருகிறது, மற்ற மாடுகள் அப்போது என்ன செய்கின்றன என்று எழுதி வை. அடுத்த கூட்டத்திற்கு வரும்போது அந்தப் புத்தகத்தைக் கொண்டு வா. கால்நடை அலுவலகத்திற்கு உன்னையும் உன் தந்தையாரையும் நாமே அழைத்துச் செல்கிறோம்.